கடைசிக் கட்டம்

விசில் ஊதிவிட்டார்கள். மூன்றாவது குவார்ட்டர் முடிந்துவிட்டது, என் மகளின் கல்லூரி ஏழு புள்ளி முன்னால் இருக்கிறது, கேலரி முழுக்க எழுந்து நின்று ஜெர்லின், ஜெர்லின் என்று கத்துகிறது. அவளைப் பெற்ற நான் உட்கார்ந்திருக்கிறேன். கை தட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. இல்லை, தட்டாவிட்டால் யாராவது கவனிப்பார்கள் என்று தோன்றுகிறது. இரண்டு கையையும் சேர்க்கிறேன், சத்தம் வரவில்லை, விரலெல்லாம் வேர்க்கடலைத் தொலி. ஏழு புள்ளி என்ன பெரிய புள்ளி, மூன்று நல்ல பந்து விழுந்தால் போச்சு. கோயம்புத்தூர்ப் பிள்ளைகளுக்கு மூச்சு வாங்குகிறது, அதுதான் விஷயம். தூத்துக்குடிக் காற்றில் உப்பு இருக்கிறது, துறைமுகத்துப் பக்கமிருந்து நேராக முகத்தில் அடிக்கும், புதுசாக வருகிறவர்களுக்குத் தொண்டை வறண்டுபோகும், கொஞ்சம் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடுவார்கள். என் மகளை எதிர்த்து ஆடுகிறவர்களுக்கு நான் மனசுக்குள் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எதிர்ப்பக்க ரிங்குக்குப் பின்னால் கம்பிவலையில் என் கூட்டாளி மச்சாது கட்டிவைத்திருக்கிற ஃப்ளெக்ஸ் காற்றில் உப்பி உப்பி அடங்குகிறது. பார்க்கக் கூடாது என்றுதான் இருக்கிறேன், கண் அங்கேதான் போகிறது. மச்சாதுவின் மகன் அமெரிக்காவில் இருக்கிறான். அங்கே மார்ச் மாசம் காலேஜ் பிள்ளைகள் பாஸ்கெட்பால் ஆடும்போது ஆபீஸ் ஆபீஸாக உட்கார்ந்து, எந்த ஆட்டத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று முதல் நாளே ஃபைனல் வரைக்கும் கட்டம் கட்டமாக எழுதிக் கொடுத்துவிடுவார்களாம், அப்புறம் மாற்றக் கூடாதாம். அதைக் கேட்டு வந்துதான் மச்சாது நாலு வருஷத்துக்கு முன்னால் இங்கேயும் ஆரம்பித்தான், எங்கள் ஊரில் நடக்கிற இந்தப் பெண்கள் கல்லூரிப் போட்டிக்கு. பதினாறு அணி. தோற்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். கட்டம் போடுகிறவர்கள் நாங்கள் நாலு பேர், ஒருகாலத்தில் துறைமுக அணியில் ஒன்றாக இருந்தவர்கள். எங்கள் நாலு பேர் கட்டமும்தான் அந்த ஃப்ளெக்ஸில். பரிசு என்று ஒன்றும் கிடையாது. ஜெயிக்கிறவன் ஒரு வருஷம் பேசலாம், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். அவ்வளவுதானா. மச்சாது கேப்டனாக இருந்தவன், அவன் எப்போதும் பேசிக்கொண்டுதான் இருக்கிறான். நான் பன்னிரண்டாவது ஆள். ஆட்டம் நின்றால் ஓடிப்போய் டவல் கொடுப்பேன், வேர்வை துடைத்த டவலைத் திரும்ப வாங்கிக்கொள்வேன், ஒரு ஃபைனலில்கூட என் கால் கோர்ட்டுக்குள் பட்டதில்லை. இந்த ஐம்பத்திரண்டு வயசில், அவன் பேத்தி எடுத்த பிறகும், மச்சாது பஜாரில் என்னைப் பார்த்தால் டவல் என்றுதான் கூப்பிடுவான். இந்த ஒரு வாரமாகக் கூப்பிடவில்லை. இந்த ஒரு வாரமாக என் கட்டத்தில் ஒன்றுகூடத் தப்பவில்லை. சென்னை தோற்கும் என்றேன், தோற்றது. நாகர்கோவில் செமி ஃபைனலுக்கு வரும் என்றேன், சிரித்தார்கள், வந்தது. நேற்று மச்சாது டீக்கடையில் என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, "செல்வின், நீ எதை வச்சுல சொல்லுத" என்று கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தான். மச்சாது காத்திருந்தான். மிச்சம் இருக்கிறது இந்த ஒரே ஆட்டம், ஃபைனல். அதில் நான் எழுதியது கோயம்புத்தூர்.

வேண்டுமென்று எழுதவில்லை. கட்டம் போட்ட அன்றைக்கு மச்சாது, "இவன் மவளைத்தான் போடுவான், எல்லா அப்பனும் மவளைத்தான் போடுவான்" என்று எல்லார் முன்னாலும் சொன்னான், எனக்குக் காது சுட்டது, பேனாவை வாங்கிக் கோயம்புத்தூர் என்று எழுதினேன். எழுதிய பிறகு யோசித்தால் சரியாகவும் இருந்தது. அவர்களிடம் உயரம் இருக்கிறது, நடுவில் நிற்கிற அந்தப் பிள்ளை ரிங்குக்குக் கீழே கையைத் தூக்கினால் மேலே வெளிச்சம் தெரிவதில்லை. ஜெர்லின் ஃப்ளெக்ஸைப் பார்த்திருக்கிறாள். இன்றைக்குக் காலையில் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "சரியாத்தாம்ப்பா போட்டிருக்கீங்க, அவங்க ஹைட்டு" என்றாள். கோபம் இல்லாமல்தான் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா ஒங்களுக்கு எது வேணும்?" என்று கேட்டாள். பாலைக் குடி ஆறிரப் போகுது என்று சொன்னேன். என் மனைவி புஷ்பலீலா ஆஸ்பத்திரி டியூட்டிக்குச் சேலை மாற்றிக்கொண்டிருந்தவள் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள், எட்டிப் பார்த்துவிட்டு மடிப்பைச் செருகிக்கொண்டே போய்விட்டாள். ஒங்களுக்கு எது வேணும். என்ன கேள்வி அது. அப்பனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா. அவளுக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவன் நான். வீட்டுக்குப் பின்னால் துணி காய்கிற இடத்தில் கம்பம் நட்டு, இரும்பு வளையம் அடித்து, ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டைகூட மாற்றாமல் நின்று சொல்லிக் கொடுத்தவன். ஏழாம் வகுப்பில் ஸ்கூல் வேன் படியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டு ஒடிந்தது. கட்டுப் பிரித்த பிறகு எலும்பு சேர்ந்திருந்தது, ஆனால் கை முழுசாக மடங்கவில்லை. சோறு உண்ண, எழுத, துணி துவைக்க எல்லாவற்றுக்கும் போதும், பந்துக்கு மட்டும் போதாது. இடது பக்கம் போனால் பந்து அவள் பேச்சைக் கேட்காது. அன்றைக்கு அவள் அழுததைவிட நான்தான் அதிகம் அழுதேன், கக்கூஸுக்குள் போய் நின்று. அப்புறம் நாங்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தோம். இடது தோளைச் சாய்த்து, இடது காலை எடுத்து வைத்து, கண்ணையும் இடது பக்கமே வைத்து, எதிராளி அந்தப் பக்கம் நகர்ந்ததும் வலது பக்கமாக உருவிக்கொண்டு போவது. எத்தனை சாயங்காலம், நான் எதிராளி, அவள் ஏமாற்றுகிறவள். என்னை ஏமாற்றிப் பந்தைப் போட்டுவிட்டு, "நம்பிட்டீங்களாப்பா, நெசமாவே நம்பிட்டீங்களா" என்று கேட்பாள். இன்றைக்கு வரை ஒரு அணியும் கண்டுபிடிக்கவில்லை. அவளுடைய கோச் ஸ்டெல்லா மிஸ்ஸுக்கே தெரியாது, இவள் ஒரு பக்கமாக ஆடுகிறவள் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறார். இந்த உலகத்தில் எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது என்றால் அது இதுதான். இந்த மூன்று குவார்ட்டரும் அந்தப் பொய்தான் ஆடியது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இடது பக்கமாக ஓடி ஓடிக் காற்றைப் பிடிக்கிறார்கள், இவள் வலது பக்கம் சிரித்துக்கொண்டே போகிறாள். நான் சொல்லிக் கொடுத்ததுதான் என் கட்டத்தை அழிக்கிறது.

இங்கே வந்து உட்கார்ந்ததும் என் தப்பில்லை. எங்க பெஞ்சுக்குப் பின்னால உக்காராதீங்க, எனக்குக் கை நடுங்கும் என்று அவள்தான் சொல்லியிருக்கிறாள். அதனால் கோயம்புத்தூர் பெஞ்சுக்குப் பின்னால், கம்பிவலையை ஒட்டிய முதல் வரிசை. அவர்களுடைய மேனேஜர் வலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார், வெள்ளைத் தொப்பி, நல்ல மனிதர், முதல் பாதியிலிருந்தே பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார், வலைக் கண்ணி வழியாக எனக்குக் கடலை கொடுத்தார். இப்போது பிள்ளைகள் கோச்சைச் சுற்றிக் குனிந்து நிற்கிறார்கள், கோச் அட்டையில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறார், மேனேஜர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டு என் பக்கம் திரும்புகிறார். "அந்த ஏழாம் நம்பர் புள்ளைய ஒண்ணுமே பண்ண முடியலீங்க. உள்ளூர்ங்களா?" உள்ளூர்தான் என்கிறேன். "நல்லா ஆடுதுங்க. நீங்க நெறைய ஆட்டம் பாத்திருப்பீங்க போல." பாத்திருக்கேன். "அப்ப சொல்லுங்க, எப்படி நிறுத்தறதுன்னு" என்று சிரிக்கிறார். அது கேள்வியே இல்லை. வாய்க்கு வந்த பேச்சு, பதிலை எதிர்பார்க்கிறவர் முகம் இல்லை அது, பாதி திரும்பிக்கூட விட்டார். நான் சும்மா சிரித்திருந்தால் போதும், அவரும் சிரித்துவிட்டுப் போயிருப்பார். ஃப்ளெக்ஸ் உப்புகிறது, அடங்குகிறது. அதற்குப் பக்கத்தில் மச்சாது எழுந்து நிற்கிறான், என்னைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து, போச்சா என்பதுபோல் காட்டுகிறான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். டவலை வாங்கிக்கொள்ளும்போது சிரிக்கிற சிரிப்பு. "இடது பக்கம் காட்டுவா, நம்பாதீங்க" என்கிறேன். யாரோ சொல்வதுபோல் இருக்கிறது, நல்ல தெளிவாக, ஆபீஸில் ஃபைலைப் பற்றிச் சொல்கிற குரலில். "வலது பக்கத்த அடச்சிட்டு இடது பக்கத்தத் தெறந்து விட்ருங்க. போக முடியாது. இடது மணிக்கட்டு மடங்காது." மணிக்கட்டு என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. வலது பக்கத்தை அடைக்கச் சொன்னதே போதும், ஆட்டம் தெரிந்த யாரும் சொல்லக்கூடியது அது, பார்த்துக்கொண்டிருந்தவன் கண்டுபிடித்தான் என்று ஆகியிருக்கும். மணிக்கட்டு என்பது வீட்டுச் சொல். மேனேஜர் என்னைக் கொஞ்ச நேரம் பார்க்கிறார். "உறுதிங்களா?" உறுதி. அவர் குனிந்து கோச்சின் காதில் சொல்கிறார், கோச் நிமிராமல் தலையை மட்டும் ஆட்டுகிறார், அட்டையில் போட்டிருந்த கோட்டைத் துடைத்துவிட்டு வேறு கோடு போடுகிறார். நான் கடலையை வாயில் போடுகிறேன். உப்பாக இருக்கிறது. நன்றாக இருக்கிறது.

நடக்காது என்றுதான் நினைக்கிறேன், பத்து நிமிஷத்தில் யாரும் புதுசாக ஒன்றைப் படித்துவிட முடியாது, கோச் கேட்டிருக்க மாட்டார், சத்தத்தில் தப்பாகக் காதில் விழுந்திருக்கும். ஜெர்லினுக்குப் பந்து வருகிறது. தோளைச் சாய்க்கிறாள், காலை எடுத்து வைக்கிறாள். எதிரே நிற்கிற பிள்ளை அசையவில்லை. ஒரு அங்குலம் நகரவில்லை, வலது பக்கத்திலேயே கதவு மாதிரி நிற்கிறாள். ஜெர்லின் நின்றுவிடுகிறாள். ஓடுகிறவள் நின்றால் எப்படியிருக்கும் என்று இதுவரை நான் பார்த்ததில்லை, திடீரென்று சின்னப் பிள்ளையாகத் தெரிகிறாள். பந்து கையைவிட்டுப் போகிறது. அடுத்த தடவையும் அதேதான், வலது பக்கம் இரண்டு பேர், இடது பக்கம் காலியாகக் கிடக்கிறது, முற்றம் மாதிரி காலியாக. அவள் போகிறாள். வேறு வழியில்லாமல் போகிறாள், இடது கையால் தூக்கிப் போடுகிறாள், பந்து போர்டுக்கு அடியில் முட்டிக் கீழே விழுகிறது. கேலரி மொத்தமும் ச்ச என்கிறது, நானும் ச்ச என்கிறேன், எல்லாரோடும் சேர்ந்து சொல்வது சுலபமாக இருக்கிறது. மூன்றாவது தடவை அந்த உயரமான பிள்ளை பந்தை அடிக்கிறேன் என்று இடது கையோடு சேர்த்து அடிக்கிறாள், விசில் இல்லை, ஜெர்லின் மணிக்கட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வேன் படிக்குக் கீழே அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். முதுகில் பை, மடியில் அந்தக் கை, அழாமல், நான் வந்த பிறகு அழலாம் என்று வைத்திருந்ததுபோல். பந்து அந்தப் பக்கம் போய்விட்டது, எல்லாரும் ஓடிவிட்டார்கள், இவள் மட்டும் நடுக்கோட்டில் நின்று திரும்புகிறாள். அவர்களுடைய கோச்சைப் பார்க்கவில்லை. ஸ்டெல்லா மிஸ்ஸைப் பார்க்கவில்லை. கேலரியில் தேடுகிறாள், தன் பெஞ்சுக்குப் பின்னால் நான் இருக்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும், இந்தப் பக்கம் வரிசை வரிசையாகக் கண்ணை ஓட்டி, என்னிடம் வந்து நிறுத்துகிறாள். நான் என்ன செய்ய வேண்டும். குனிந்திருக்கலாம், செருப்பைச் சரிசெய்வதுபோல். என் கை தானாக மேலே போகிறது, கட்டைவிரலை உயர்த்துகிறேன், நல்லா ஆடுட்டி என்பதுபோல். ஏன் அப்படிச் செய்தேன் என்று எனக்குத் தெரியாது. அவள் தலையை ஆட்டவில்லை. என் விரலையும் எனக்கு முன்னால் நிற்கிற வெள்ளைத் தொப்பியையும் பார்த்துவிட்டு, ஓடப் போகிறாள்.

இப்போது கோயம்புத்தூர் நாலு புள்ளி முன்னால். ஸ்டெல்லா மிஸ் டைம் அவுட் கேட்கிறார், ஜெர்லினின் தோளைத் தொட்டு ஏதோ சொல்கிறார், அவளை உட்கார வைத்துவிட்டு வேறு ஒரு பிள்ளையை அனுப்புகிறார். முதல் வருஷம் படிக்கிற ஒல்லிப் பிள்ளை, சுபாஷினி, இந்தப் போட்டி முழுக்கப் பெஞ்சில் இருந்தவள், பனியன் முழங்கால் வரைக்கும் தொங்குகிறது. எனக்குள் ஒன்று குதிக்கிறது. அதைச் சொல்ல வேறு சொல் இல்லை, சந்தோஷம்தான், அடிவயிற்றிலிருந்து வருகிற சுத்தமான சந்தோஷம், கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை. ஜெயித்துவிட்டேன். யாரும் செய்யாதது, ஒரு கட்டம்கூடத் தப்பாமல். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பேர் எழுதினாலும் முழுக்கச் சரியாக ஒருவருக்கும் வராது என்று மச்சாதுவின் மகனே சொல்லியிருக்கிறான். மச்சாது அந்தப் பக்கமிருந்து என்னைப் பார்த்துக் கும்பிடுகிறான், கேலியா நிஜமா என்று இந்தத் தூரத்தில் தெரியவில்லை, நிஜமாகத்தான் இருக்கும். ஜெர்லின் டவலைத் தலையில் போட்டுக் குனிந்திருக்கிறாள், அவளைப் பார்க்க வேண்டாம். நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். விளையாட்டு வேறு, பாசம் வேறு என்று சொல்லலாம், அவளுக்குப் புரியும், கெட்டிக்காரி. அடுத்த வருஷமும் ஆடப் போகிறாள், எப்படியும் ஒருநாள் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள், இப்போதே தெரிந்தது நல்லது, வேறு புதுசாக ஒன்றைச் சேர்ந்து கண்டுபிடிக்கலாம். இப்படி நான் அடுக்கிக்கொண்டே போகும்போது கேலரி எழும்புகிறது. சுபாஷினி மூலையிலிருந்து போட்டிருக்கிறாள், விழுந்துவிட்டது. தற்செயல். கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இன்னும் வலது பக்கத்தையே அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஆள் மாறியது மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை, நான் சொன்னது அவர்கள் காலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இடது பக்கம் முற்றமாகத் திறந்து கிடக்கிறது, அந்த ஒல்லிப் பிள்ளை இடது கைக்காரி. இடது கைக்காரி என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. திரும்பவும் அதே வழியில் போகிறாள், போடுகிறாள். மேனேஜர் என் பக்கம் வேகமாகத் திரும்புகிறார், "இந்தப் புள்ள எப்படிங்க?" நான் வாயைத் திறக்கிறேன், சொல்லத்தான் திறக்கிறேன், அவளைப் பற்றியும் ஏதாவது தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன், தெரியவில்லை. அவளுக்கு அப்பா யாரோ. கேலரியில் எங்காவது நின்று கத்திக்கொண்டிருப்பார். கடைசி நிமிஷம், சமம். கோயம்புத்தூர் போட்டது ரிங்கில் சுற்றி வெளியே வருகிறது. சுபாஷினிக்குப் பந்து, இடது பக்கம், யாரும் இல்லை. ஹாரன் அடிக்கிறார்கள். எங்கள் ஊர் ஜெயித்துவிட்டது.

எல்லாரும் கோர்ட்டுக்குள் ஓடுகிறார்கள். ஜெர்லினும் ஓடுகிறாள், டவலை விட்டெறிந்துவிட்டு ஓடிப்போய் அந்த ஒல்லிப் பிள்ளையைத் தூக்கிச் சுற்றுகிறாள், வலது கையால் மட்டும். மச்சாது படியேறி என்னிடம் வருகிறான், கட்டிப் பிடிக்கிறான், முதுகில் தட்டுகிறான். "ஏல, கட்டம் போனா போவுது. ஒம் பிள்ள கப்பு வாங்கிட்டால்ல. அழாதல." நான் அழுகிறேனா. அழுதுகொண்டுதான் இருக்கிறேன். பக்கத்தில் நிற்கிறவர்களிடம் மச்சாது காட்டுகிறான், இவன்தான் அந்தப் பிள்ளைக்கு அப்பா, தோக்கும்னு எழுதிப்போட்டுட்டு இப்ப பாரு. தெரியாதவர்களெல்லாம் கை கொடுக்கிறார்கள். ஒருவர் சர்பத் வாங்கிக் கொடுக்கிறார், குடிக்கிறேன். மச்சாது ஃப்ளெக்ஸை அவிழ்க்கப் போய்விட்டான். வலைக்கு அந்தப் பக்கம் மேனேஜர், பந்துகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்துவிட்டுக் கேட் வழியாகச் சுற்றி வருகிறார், கையை நீட்டுகிறார். "நீங்க சொன்னது கரெக்ட்டுங்க. வலப்பக்கம் அடச்சதும் அந்த ஏழாம் நம்பர் அப்படியே செத்துப்போச்சு. ஆனா வெளிய எடுத்துட்டாங்க, அதான் நமக்குக் கெட்டுப்போச்சு. அந்த மணிக்கட்டு விஷயம் எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?" அவர் கை என் கையில் இருக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, முதுகுப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று. அந்த வேர்வை வாசனை எனக்குத் தெரியும். "யப்பா, பேக்கு" என்கிறாள். அவளுடைய பை என் காலடியில்தான் இருக்கிறது. மேனேஜர் அவளைப் பார்க்கிறார், அவள் பனியனில் ஏழைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். கையை மெதுவாக உருவிக்கொள்கிறார். தொப்பியைக் கழற்றுகிறார், என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பப் போட்டுக்கொள்கிறார். "வர்றேனுங்க" என்று அவளிடம் சொல்கிறார், என்னிடம் இல்லை. போய்விட்டார்.

நான் பையை எடுத்துக் கொடுக்கிறேன். வலது கையால் வாங்கிக்கொள்கிறாள். கழுத்தில் மெடல், நாடா முறுக்கிக் கிடக்கிறது, சரிசெய்யக் கையைக் கொண்டுபோகிறேன், அவள் ஒதுங்கவில்லை, அசையாமல் நிற்கிறாள், டாக்டர் தொடும்போது நிற்பதுபோல். முறுக்கை எடுத்துவிடுகிறேன். கை வலிக்குதாட்டி என்று கேட்கிறேன். இல்லை என்கிறாள். ஸ்டெல்லா மிஸ் வேனில் போறோம், ஹோட்டல்ல சாப்பாடு, வர லேட்டாகும் என்கிறாள். சரி என்கிறேன். போகத் திரும்பியவள் நிற்கிறாள். "அம்மாட்ட நீங்க சொல்லுதீங்களா, நான் சொல்லட்டா?" ஜெயித்ததைக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறேன், நினைத்துக்கொள்ள முயற்சி செய்கிறேன். "நீயே சொல்லு மக்களே. கப்பு வாங்குனது நீயில்லா." அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள், கண்ணில் கோபம் இல்லை, கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். "சரிப்பா, நானே சொல்லுதேன்" என்கிறாள். படியில் இறங்குகிறாள். வேன் பக்கம் பிள்ளைகள் கூச்சல் போட்டு அவளை உள்ளே இழுத்துக்கொள்கிறார்கள். கேலரி காலியாகிவிட்டது. சிமென்ட் இன்னும் சூடாக இருக்கிறது, உட்காருகிறேன். புஷ்பலீலா டியூட்டி முடிந்து வந்திருப்பாள், இப்போது போனால் அவள் மட்டும்தான் இருப்பாள், ஜெர்லின் வருவதற்குள் நானே போய்ச் சொல்லிவிடலாம், எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்க வேண்டும். யோசிக்க உட்கார்ந்தால் மனசு அங்கே போகமாட்டேன் என்கிறது, கோர்ட்டுக்கே போகிறது, கோயம்புத்தூர் நாலு புள்ளி முன்னால் இருந்த இடத்துக்கே போய் நிற்கிறது. அவள் ஆடிக்கொண்டிருந்திருந்தால் எங்கள் ஊர் பத்துப் புள்ளியில் தோற்றிருக்கும். ஆறு நிமிஷம் இருந்தது. முழுசாக ஆறு நிமிஷம். ஸ்டெல்லா மிஸ் அவளை வெளியே எடுத்திருக்கக் கூடாது.